நீலகிரியில் வாழ்ந்த முன்னோரை அரசுப் பதிவேடுகளில் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜமீன்தாராகவோ ராவ் பகதூராகவோ இல்லாத ஒருவரைப் பற்றி ஆவணம் எதுவும் இருக்காது என்று பலர் தேடாமலேயே விட்டுவிடுகிறார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், உருளைக்கிழங்கு போட்டவர், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மலை ரயில் பாதையில் கல் சுமந்தவர் என எல்லாரையும் யாரோ ஒரு எழுத்தர் எங்கோ ஒரு வரியில் எழுதி வைத்திருக்கிறார். கூலி கொடுக்க எழுதினார், வரி வாங்க எழுதினார், தொற்றுநோய் பரவுகிறதா என்று மேலிடத்துக்குச் சொல்ல எழுதினார். அந்த வரி எந்த அலுவலகத்தில், எந்த அலமாரியில் இருக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

இந்த வழிகாட்டியின் சாரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தனிப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். இடத்தையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேடுங்கள். வெளிநாட்டு வம்சாவளி இணையதளங்கள் குடும்பப் பெயரை அச்சாணியாக வைத்து இயங்குகின்றன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறும். ஒரே ஊரில் நாலு கருப்பன், ஆறு மாரி இருப்பார்கள். ஆனால் நம் ஆவணங்கள் எல்லாமே ‘இன்னார் மகன் இன்னார்’ என்றுதான் ஒருவரை அடையாளம் காட்டும். அதனால் ஒருவருடைய ஒரு பதிவு கையில் கிடைத்தாலே ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

அலுவலகப் படி ஏறுவதற்கு முன் டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய ரேஷன் கார்டு, நிலத்தீர்வை ரசீது, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வருங்கால வைப்பு நிதிச் சீட்டு, ஓய்வூதியப் புத்தகம், அடகுச் சீட்டு என எதையும் ஒதுக்காமல் வெளியே எடுங்கள். இவற்றில் நான் முதலில் கேட்பது கல்யாணப் பத்திரிகையைத்தான். ‘இன்னாரின் பேரனும் இன்னாரின் மகனுமான’ என்று மூன்று தலைமுறையை ஊர்ப் பெயரோடு ஒரே வாக்கியத்தில் சொல்லும் ஆவணம் வேறு எது இருக்கிறது? மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டுக்கும் அது சொல்கிறது. கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரிசையில் தாய்மாமன்களின் பெயரும் ஊரும் இருக்கும். கருமாதிப் பத்திரிகை இருந்தால் இறந்த தேதியே கிடைத்துவிடும்.

அடுத்து பெரியவர்களிடம் பேசுங்கள். ‘தாத்தா எந்த வருஷம் செத்தார்?’ என்று கேட்டால் பாட்டி கையை விரிப்பார். ‘தாத்தா போனபோது அப்பா எத்தனாவது படித்துக்கொண்டிருந்தார்? தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா பின்னாலா?’ என்று கேளுங்கள். 1964 டிசம்பர் புயல், 1978 நவம்பர் மழையில் நீலகிரியில் விழுந்த மண்சரிவு, 1993இல் மரப்பாலம் சரிவு போன்றவை மலையில் எல்லார் நினைவிலும் ஆணி அடித்து நிற்பவை. நீலகிரியின் படகர் சமூக வீடுகளில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்பா பின்பா என்று கேட்டால் மாதம் தெளிவாகும். திவசம் கொடுக்கிற வீடுகளில் இறந்த மாதமும் திதியும் தவறாமல் நினைவில் இருக்கும், வருடம்தான் மறந்திருக்கும். அந்தத் திதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பதிவேட்டில் ஒரு தேதி கிடைத்தால், அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்து இது நம்மவர்தானா என்று உறுதி செய்ய இதைவிட நல்ல சோதனை கிடையாது.

சிலர் தமிழ் வருடப் பெயரைச் சொல்வார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் ஒரு பெயருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் வரும். வயதை வைத்து எது என்று முடிவு செய்ய வேண்டும். ‘தாது வருஷப் பஞ்சத்தில் மலை ஏறினோம்’ என்ற பேச்சு வீட்டில் இருந்தால் அது 1876-77. ‘காளயுக்தியில் விஷக்காய்ச்சலில் போய்விட்டார்’ என்றால் 1918-19.

இடத்தை நிச்சயப்படுத்துங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடக்கிறவர்கள்தான் பின்னால் தவறான அலுவலகத்தில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வீட்டில் சொல்லும் ஊர்ப் பெயர் பெரும்பாலும் ஹட்டி எனப்படும் படகர் குடியிருப்பின் பெயராகவோ, தோட்டத்தின் பெயராகவோ, தோட்டத்துக்குள் ஒரு டிவிஷனின் பெயராகவோ இருக்கும். அரசுக்கு அந்தப் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது வருவாய்க் கிராமம். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகளும் தோட்டங்களும் அடங்கியிருக்கும். ஆகவே உங்கள் ஹட்டி எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது, அது எந்த வட்டம், எந்த சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

இன்று நீலகிரியில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்கள் இருக்கின்றன. பழைய காலத்துக்குப் போகப் போக எல்லைகள் மாறும். நீலகிரி தனி மாவட்டமானது 1868இல்தான். அதற்கு முன் கோயம்புத்தூரோடு இருந்தது. அதிலும் மேற்குப் பகுதி 1830 முதல் 1843 வரை மலபாரில் இருந்தது. குந்தா 1860இல் மலபாரிலிருந்து வந்தது. இன்று ஓவேலி என்று நாம் சொல்லும் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு 1873இலும், கூடலூர், தேவாலா, பந்தலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877இலும் நீலகிரியோடு சேர்ந்தன. உங்கள் முன்னோர் அதற்கு முந்தைய காபித் தோட்டக் காலத்தில் பந்தலூர்ப் பக்கம் வந்தவர் என்றால் அவரைப் பற்றிய அரசுக் கடிதங்கள் மலபார் மாவட்டத்தின் கீழ் இருக்கும். தேவாலா, பந்தலூர் தங்கச் சுரங்க அலை எழுந்தது 1879க்குப் பிறகு என்பதால், அந்த வேலைக்கு வந்தவர்களை நீலகிரியிலேயே தேடலாம்.

இறப்புப் பதிவே முதல் கதவு

பிறப்பைத் தேடிக்கொண்டு போவதுதான் வழக்கம். நான் இறப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். இறப்பு பிந்தைய நிகழ்வு. வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும். இறப்புப் பதிவில் அவருடைய பெயர் இருக்கும், வயது இருக்கும், தகப்பன் அல்லது கணவன் பெயர் இருக்கும். வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899இல் ஒரு சட்டம் வந்தது. கிராமங்களில் மணியக்காரர் பதிவேட்டை வைத்திருந்தார். இப்போது நடைமுறையில் இருப்பது 1969ஆம் ஆண்டின் மத்திய சட்டம். தமிழ்நாட்டில் 1970 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இந்தக் கைமாற்றத்தில் சில ஊர்களில் பழைய கட்டுகள் சிதறியிருக்கலாம் என்பதை மனத்தில் வையுங்கள்.

எங்கே கேட்பது? நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் நடந்த இறப்பு என்றால் அந்தந்த அலுவலகத்தின் சுகாதாரப் பிரிவில். உதகமண்டலம் நகராட்சி 1866இல் அமைந்தது; பழமையான உள்ளாட்சி என்பதால் அங்கே பழைய ஆண்டுகளையும் துணிந்து கேட்கலாம். கிராமம் என்றால் பழைய பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே தேடல் மனு கொடுக்க வேண்டும். மிகச் சமீப ஆண்டுகள் மட்டுமே இணையத்தில் கிடைக்கும். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அது உதவாது.

ஒன்றை மறக்காதீர்கள்: பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். மஞ்சூரில் வாழ்ந்தவர் ஊட்டி அரசு மருத்துவமனையில் இறந்தால் பதிவு ஊட்டி நகராட்சியில். கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கே உயிர் பிரிந்திருந்தால் பதிவு கோயம்புத்தூர் மாநகராட்சியில். ‘பிணத்தை மலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம்’ என்று வீட்டில் சொன்னால் உடனே ‘எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

மனுவில் எழுத வேண்டியவை: இறந்தவர் பெயரும் அதன் மாற்று வடிவங்களும், தகப்பன் அல்லது கணவன் பெயர், இறந்த இடம், தேட வேண்டிய ஆண்டு வரம்பு. தேடல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் வரும் என்பதால் ஐந்தாண்டுக்கு மேல் வரம்பு போடாதீர்கள். ‘எதற்காக வேண்டும்? வாரிசுச் சான்றா? நிலத் தகராறா?’ என்று கேட்பார்கள். குடும்ப வரலாற்றுக்கு என்று தயங்காமல் சொல்லுங்கள். 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவு, எவரும் பதிவேட்டில் தேடச் செய்து நகல் பெறலாம் என்றே சொல்கிறது. காரணம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆனால் இறப்புக்கான காரணத்தை நகலில் வெளியிடக் கூடாது என்று அதே பிரிவு சொல்வதால், அந்தக் கட்டம் மட்டும் இல்லாமல்தான் நகல் வரும்.

கிடைக்கவில்லை என்று வாயால் சொன்னால் திரும்பி வராதீர்கள். எந்தெந்த ஆண்டுகளின் பதிவேடு பார்க்கப்பட்டது, பதிவு இல்லையா, பதிவேடே இல்லையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘பதிவு இல்லை’ என்பதும் ‘அந்த ஆண்டின் புத்தகம் சிதைந்துவிட்டது’ என்பதும் வேறு வேறு பதில்கள். முதலாவது வந்தால் வேறு ஊரைத் தேட வேண்டும்; இரண்டாவது வந்தால் வேறு ஆவணத்தைத் தேட வேண்டும்.

ஒரு வரியைப் படிப்பது

பழைய இறப்புப் பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு வரிதான். இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கம் வரை கட்டம் கட்டமாக ஓடும். கட்டங்கள் காலத்துக்குக் காலம் மாறும். புரிவதற்காக ஒரு வரியைக் கற்பனை செய்துகொள்வோம்: ‘கருப்பன், த/பெ மாரி, ஆண், 45, கூலி, தோட்டத்து லைன், தகவல் தந்தவர் மேஸ்திரி.’

வயது 45 என்பதை 40 முதல் 50 வரை என்று வாசியுங்கள். தகவல் சொன்னவர் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்ன எண் அது. ஐந்திலும் பூஜ்யத்திலும் முடியும் வயதுகளாகவே வந்துகொண்டிருப்பதைப் பக்கத்தைப் புரட்டினால் காண்பீர்கள். தகப்பன் பெயர் மாரி. அவர் மலைக்கு வந்தவரா, சமவெளியிலேயே இருந்துவிட்டவரா என்பது இந்த வரியில் தெரியாது. தொழில் ‘கூலி’. தோட்டத் தொழிலாளி, சாலை வேலை செய்தவர் எல்லாருக்கும் இதே சொல்தான். இடம்தான் உங்களுக்குக் கிடைத்த பெரிய தகவல்: லைன் வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு என்றால், தோட்ட நிர்வாகத்தின் பேரேடுகளுக்குப் போகலாம். அடுத்தது தகவல் தந்தவர். மகனோ மனைவியோ சொல்லியிருந்தால் வயதும் தகப்பன் பெயரும் ஓரளவு நம்பத்தக்கவை. தொழிலாளர்களை மேற்பார்வையிடும் மேஸ்திரி சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்தது அழைக்கும் பெயர் மட்டுமே. ‘மாரி’ என்பது மாரிமுத்துவாகவோ மாரியப்பனாகவோ இருக்கலாம். இறந்த தேதிக்கும் பதிவு செய்த தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று பாருங்கள். இடைவெளி கூடக் கூட விவரங்களின் நம்பகம் குறையும்.

அந்த வரிக்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும் பார்க்க அனுமதி கிடைத்தால் பாருங்கள். ஒரே லைனில், ஒரே வாரத்தில், நாலு மரணங்கள் இருந்தால் அது ஒரு கொள்ளைநோயின் தடம். நகலில் காரணம் வராவிட்டாலும் நடந்தது புரிந்துவிடும். ஒரே வீட்டில் கணவனும் குழந்தையும் அடுத்தடுத்துப் போயிருப்பதைப் பார்க்கும்போது மனம் கனக்கும். வீட்டில் யாரும் பேசாத சித்தப்பாக்களும் அத்தைகளும் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறார்கள், அவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறப்புப் பதிவு: இரண்டு தடைகள்

முதல் தடை, குழந்தையின் பெயர் இருக்காது. பெயர் சூட்டுவதற்கு முன்பே பதிவு செய்துவிடுவார்கள். பிறகு யாரும் போய்ச் சேர்க்கமாட்டார்கள். ‘ஆண்’, ‘பெண்’ என்ற கட்டமும், தாய் தகப்பன் பெயரும், தேதியும் மட்டும் இருக்கும். அதனால் எப்போதும் தகப்பன் பெயரால் தேடச் சொல்லுங்கள்.

இரண்டாவது தடை இடம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பது நம் வழக்கம். எனவே மூத்த பிள்ளையின் பிறப்பு தகப்பன் ஊரில் கிடைக்காது. அம்மாவைப் பெற்றவர்கள் ஊரில் கிடைக்கும். இதைத் தடை என்று சொன்னாலும் பெண்வழியைத் தேடுவோருக்கு இது பெரிய உதவி. நம் ஆவணங்கள் மணமான பெண்ணைக் ‘க/பெ’ என்று கணவன் பெயரோடு எழுதி, அவள் பிறந்த வீட்டை மறைத்துவிடுகின்றன. மூத்த பிள்ளையின் பிறப்பு எந்த ஊரில் பதிவாகியிருக்கிறதோ அது பெரும்பாலும் அவள் பிறந்த ஊர். அங்கே போனால் அவளுடைய தகப்பனைக் கண்டுபிடிக்கலாம்.

தோட்டத்துப் பேரேடுகள்

தோட்டங்களுக்கென்று 1969 சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. 9ஆம் பிரிவின்படி தோட்டத்தில் நிகழும் பிறப்பு இறப்புகளைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியவர் தோட்டக் கண்காணிப்பாளர். தேயிலை, காபி, மிளகு, ரப்பர், ஏலக்காய், சின்கோனா (கொய்னா மருந்து தரும் மரம்) விளையும் 4 ஹெக்டேருக்குக் குறையாத நிலம் எல்லாம் இதில் அடங்கும். சின்கோனா என்றதும் நடுவட்டமும் தொட்டபெட்டாவும் நினைவுக்கு வரும். 1860களிலிருந்து அரசே அங்கே சின்கோனா வளர்த்தது. உங்கள் முன்னோர் அந்தத் தோட்டங்களில் இருந்தவர் என்றால் தனியார் கம்பெனியைத் தேடி அலைய வேண்டாம். அவை அரசுக் கோப்புகள்.

தனியார் தோட்டத்தில் கேட்க வேண்டியவை: செக்ரோல் என்னும் வருகைப் பேரேடு, வருங்கால வைப்பு நிதி நியமனப் படிவம், பணிக்கொடைக் கோப்பு, பிள்ளைப்பேற்று உதவிப் பதிவேடு. வைப்பு நிதி நியமனப் படிவத்தில் தொழிலாளி தன் வாரிசுகளின் பெயர், உறவு, வயது எல்லாம் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருப்பார். பிள்ளைப்பேற்று உதவிப் பதிவேடு பெண் தொழிலாளியைக் கணவனின் நிழலாக எழுதாமல் அவள் பெயரிலேயே, பிரசவ தேதியோடு எழுதும். தோட்டத்துக்குப் போனால் ஆபீஸ் ரைட்டரிடம் பேசுங்கள். பழைய பேரேடு எந்த அறையில் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். தனியார் நிறுவனம் காட்டியே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை என்பதால், கடிதம் எழுதி, அனுமதி கேட்டு, பொறுமையாக நடந்துகொள்ளுங்கள். தோட்டங்கள் கைமாறியிருக்கும், பெயர் மாறியிருக்கும். பழைய பெயரை லைனில் உள்ள முதியவர்கள் சொல்வார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் லைனைப் ‘பாடி’ என்பார்கள். எந்தப் பாடி என்று தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும்.

இலங்கையிலிருந்து திரும்பியவர்கள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை இது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை தரத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. இன்று அதைத்தான் டான்டீ என்கிறோம்.

தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு ஒரு நற்பேறு உண்டு: மலையில் வேறு எந்தக் கூலித் தொழிலாளிக்கும் இல்லாத அளவு காகிதம் இவர்களுக்கு இருக்கிறது. பாஸ்போர்ட்டும், இந்தியத் தூதரகம் வழங்கிய குடும்ப அட்டையும் முக்கியமானவை. குடும்ப அட்டையில் உறுப்பினர்களின் விவரமும், எந்த மறுவாழ்வுத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள் என்பதும் இருக்கும். வீட்டில் தொலைந்திருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் மறுவாழ்வுப் பிரிவிலும், டான்டீயில் வேலை பார்த்திருந்தால் அங்குள்ள பணிக் கோப்பிலும் நகலைக் கேட்கலாம்.

அட்டையில் உள்ள இலங்கைத் தோட்டத்தின் பெயரை வைத்துக் கடலைக் கடந்தும் தேடலாம். இலங்கையில் பிறப்புச் சான்றின் நகலை, பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழி முன்னோர் இலங்கையில் பிறந்தவர்களா என்று கேட்டது. அதன் விளைவாகப் பின்னாளில் வந்த பிறப்புப் பதிவுப் படிவங்களில், பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் சேர்ந்தது. லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கிய சட்டம் அது. ஆனால் அந்தக் கட்டம் நிரப்பப்பட்டிருந்தால் ஒரே சான்றில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். கட்டம் காலியாக இருந்தால் பாட்டன் இந்தியாவில் பிறந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து தமிழ்நாட்டுச் சமவெளியைத் தேடுங்கள்.

நிலம் வைத்திருந்தவர்கள்

அரை ஏக்கர் இருந்தால் போதும், ஆவணம் இருக்கும். மாநில அரசின் இணைய சேவையில் இன்றைய பட்டாவையும், கிராம நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் அ-பதிவேட்டையும் பார்க்கலாம். அ-பதிவேட்டில் இன்றைய புல எண்ணோடு பழைய புல எண்ணும் இருக்கும். அந்தப் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் முந்தைய பதிவேடுகளைக் கேட்டால், ஒவ்வொரு நில அளவையின்போதும் யார் பெயரில் இருந்தது என்று பின்னோக்கிப் போகலாம். நீலகிரியின் பழைய நிலவரித் திட்டம் 1880களின் முற்பகுதியில் நடந்தது. படகர் குடும்பங்களில் பலர் அதுவரை எட்டிவிட முடியும்.

பதிவுத்துறையில் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் தகப்பன் பெயரோடு, வயதோடு, குடியிருக்கும் ஊரோடு அதில் வரிசையாக நிற்பார்கள். சொத்து யாரிடமிருந்து எப்படி வந்தது என்று ஒரு பத்தி முழுக்கக் குடும்ப வரலாறு இருக்கும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் 1ஆம் புத்தகத்தில் இருக்கும். கட்டணம் கட்டி எவரும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். உயில்கள் 3ஆம் புத்தகம். எழுதியவர் இறந்த பிறகு நகல் கிடைக்கும். இணைய வில்லங்கச் சான்றில் வராத பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேடும் மனு கொடுங்கள்.

கூடலூர், பந்தலூர் நிலங்கள் வேறு வகை. அங்கே பெரும்பகுதி ஜன்ம நிலமாக, அதாவது ஜன்மி என்னும் பரம்பரை நிலவுடைமையாளரின் நிலமாக இருந்தது. 1969இல் இயற்றி 1974இல் நடைமுறைக்கு வந்த கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் பட்டா கோரியவர்களின் கோப்புகளில், எப்போது குடியேறினார்கள், யாரிடம் குத்தகை பெற்றார்கள் என்ற வாக்குமூலங்கள் இருக்கும். பழங்குடிக் குடும்பங்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டக் கோரிக்கைக் கோப்புகள் இதேபோல் பயன்படும். ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழிச் சாட்சியத்தையும் அந்தச் சட்ட நடைமுறை ஏற்கிறது.

பிற பதிவுகள்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருப்பார்கள். தகப்பன் பெயர், தொழில், ஊர் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும். தொழிற்சாலை, ரயில்வே, வனத்துறை, நகராட்சி வேலை என்றால் பணிப் பதிவேட்டில் அங்க அடையாளம் வரை எழுதியிருப்பார்கள். பழைய வாக்காளர் பட்டியல் ஒரே வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று காட்டும். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளுக்குப் பங்குக் குருவையோ சபைப் போதகரையோ அணுகலாம்; கேத்தியில் 1846இல் தொடங்கிய பாசல் மிஷனின் ஆவணங்கள் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பி அலையாதீர்கள். தனி வீடுகளின் விவரத்தை எவரும் பார்க்க முடியாதபடி 1948ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது.

கதவு திறக்காதபோது

அரசு அலுவலகம் பதில் தராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ‘என் தாத்தாவைப் பற்றிய தகவல் தேவை’ என்று எழுதினால் மனு நிராகரிக்கப்படும். ‘இந்த வருவாய்க் கிராமத்தின் 1931 முதல் 1935 வரையிலான இறப்புப் பதிவேடுகள் தற்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளன?’ என்று கேளுங்கள். பதிவேடு இருக்கும் இடம் எழுத்தில் வந்துவிட்டால் பிறகு யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியில் போங்கள். சாதாரண மனிதர் அங்கே பெயரோடு தோன்றுவது, அரசிடம் எதையாவது கேட்டிருந்தால்தான்: நிலம் கோரித் தர்க்காஸ்து மனு கொடுத்திருப்பார், வரித் தள்ளுபடி கேட்டிருப்பார், யார் மீதாவது புகார் எழுதியிருப்பார். ஊரும் ஆண்டும் துல்லியமாகத் தெரிந்த பிறகு போனால்தான் வருவாய்த்துறைக் கோப்புகளில் தேட முடியும்.

இவர் நம்மவர்தானா?

பேரனுக்குப் பாட்டன் பெயரை வைப்பது நம் வழக்கம். எனவே மாரி மகன் கருப்பன், கருப்பன் மகன் மாரி, மாரி மகன் கருப்பன் என்று ஒரே இரட்டைப் பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுபடியும் வரும். பாட்டனின் பதிவைப் பேரன் பதிவு என்று எடுத்துக்கொண்டால் மரம் முழுவதும் சாய்ந்துவிடும். ஒரு பதிவை ஏற்க, பெயர் தவிர இரண்டு விவரங்களாவது பொருந்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தகப்பன் பெயரும் இடமும், அல்லது மனைவி பெயரும் வயதும், அல்லது திதியும் இடமும். ஒன்று மட்டும் பொருந்தினால் பென்சிலில் எழுதுங்கள்; இரண்டாவது கிடைத்ததும் மையில் எழுதுங்கள். எந்த விவரம் எந்த அலுவலகத்தில், எந்தப் பதிவேட்டில், எந்த ஆண்டு, எந்த வரிசை எண்ணில் கிடைத்தது என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.

சாதிப் பெயர்கள் பதிவேடுகளில் அன்றைய அதிகாரிகள் எழுதியபடியே, சில இடங்களில் இழிவான வடிவிலும் இருக்கும். மணமாகாத தாய், கைவிட்டுப் போன கணவன், தற்கொலை போன்றவையும் வெளிவரும். உயிரோடு இருப்பவர்களைத் தொடும் விவரங்களை அவர்களிடம் கேட்காமல் இணையத்தில் போடக் கூடாது. இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்பதில்லை.

மலையில் உள்ள பதிவுகள் ஓய்ந்த இடத்தில், மலைக்கு வருவதற்கு முன் இருந்த ஊர் பெரும்பாலும் தெரிந்திருக்கும். குலதெய்வக் கோவில் எந்த ஊரில் என்று கேளுங்கள். மூன்று தலைமுறையாக மலையிலேயே இருப்பவர்களும் கிடா வெட்டப் போவது அந்த ஊருக்குத்தான். கோயம்புத்தூர், சேலம் பக்கம் என்றால் அந்த ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில் இதே வரிசையில், இறப்பிலிருந்து தொடங்குங்கள். பழைய மைசூர் சமஸ்தானப் பக்கம் என்றால் பதிவுகள் கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கோவில் பூசாரியிடம் வரிதாரர் குடும்பங்களின் கணக்கையும் கேட்டுவிட்டு, அங்குள்ள தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள்.